கோப்பின் பெயரும் வாயிற்காவலும்



சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் ஒரு மாலை, எங்கள் ஐயப்பன்தாங்கலைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி கண் கலங்கியவளாய் என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். ஒரு கல்லூரி நடத்திய கட்டுரைப் போட்டிக்காக, நம் ஊரின் பழைய நீர்நிலைகளைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். முதியவர்களைக் கண்டு பேசிக் குறிப்பெடுத்து, இரண்டு திங்கள் உழைத்து எழுதிய கட்டுரை அது. குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே அதனை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிட்டாள். முடிவு வந்தபோது, வென்றவர் பட்டியலில் மட்டுமன்றிக் கலந்துகொண்டவர் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. கேட்டதற்குக் கட்டுரை வரவே இல்லை என்று விடை கிடைத்தது. விடாது கேட்ட பின்னர்த் தேடிப் பார்த்தனர். மடல் குப்பை அஞ்சல் பெட்டியில் கிடந்தது. அதனோடு சென்ற கோப்போ, தன் பெயரை இழந்து, பொருளற்ற எழுத்தும் எண்ணுமாக, எந்த வகைக் கோப்பென்றும் தெரியாத நிலையில் இருந்தது. அவள் அதற்கு இட்ட பெயர் 'ஐயப்பன்தாங்கல்' என்பதே.

"ஐயா, நம் ஊரின் பெயரைத் தமிழில் எழுதியது குற்றமா?" என்று அவள் கேட்டாள்.

குற்றமன்று என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் அவ்வாறு நேர்ந்தது என்று அவளுக்கு விளங்க வைக்க எனக்குச் சில நாள் பிடித்தது. ஒரு மடலோடு செல்லும் கோப்பின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அப்போதுதான் நானும் முறையாகக் கற்றேன். அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நம் அஞ்சல்காரரை நினைத்துக் கொள்ளுங்கள். உறையின் மேல் முகவரி தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும், கோணல் எழுத்தாயினும், ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருப்பினும், அவர் மடலைக் கொண்டு சேர்த்துவிடுவார். ஆயினும் இந்த நாட்டின் பல மொழிகளாலும், ஒரே பெயர் கொண்ட பல ஊர்களாலும் மடல்கள் வழி தவறியதுண்டு. அதனைத் தீர்க்கவே ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர் என்பார் வகுத்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் சேர இயலாத மடல்களுக்கென்று அஞ்சல் துறையில் தனி அலுவலகம் உண்டு. அங்கே ஒருவர் அமர்ந்து, மடலைப் பிரித்து, அனுப்பியவர் யார் என்று தேடித் திருப்பி அனுப்புவார். மனிதர் கண்ணும் மனிதர் பொறுமையும் அங்கே வேலை செய்கின்றன. மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியில் அத்தகைய மனிதர் எவரும் இல்லை. அங்கே விழுந்த மடலைப் பல நிறுவனங்கள் 30 நாள்களில் தாமாகவே அழித்துவிடும். அனுப்பியவருக்கு ஒரு சொல்லும் வாராது.

நிற்க, மின்னஞ்சலின் பிறப்பிற்கு வருவோம். 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து வலையமைப்பின் வழியே மற்றொரு கணிப்பொறிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். அக்காலத்துக் கணிப்பொறிகள் எழுத்துகளை எண்களாக மாற்றி வைக்க 1963-இல் வகுக்கப்பெற்ற ஆஸ்கி என்னும் அட்டவணையைக் கையாண்டன. அதில் 128 இடங்களே உண்டு. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள், சிறிய எழுத்துகள், எண்கள், நிறுத்தற் குறிகள், சில கட்டளைக் குறிகள் ஆகியவற்றோடு அந்த 128-உம் நிரம்பிவிட்டன. தமிழுக்கு மட்டுமா இடமில்லை? பிரெஞ்சு மொழியின் மேற்குறி இட்ட எழுத்துகளுக்கும் அங்கே இடமில்லை. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய அஞ்சல் நெறிமுறையும் இந்த ஏழு துகள் எழுத்துகளையே ஏற்றது. ஒரு சிற்றூர்ப் பாலத்தை மாட்டு வண்டிக்கென்று கட்டிய பின்னர், அதன் மேல் பேருந்து செல்ல வேண்டிய நாள் வந்தது போன்ற நிலை பின்னாளில் உண்டாயிற்று.

படமும் பாட்டும் நிரலும் அனுப்ப வேண்டியவர்கள் என்ன செய்தனர்? 1980-இல் மேரி ஆன் ஹார்ட்டன் என்பவர், எந்தக் கோப்பையும் வெறும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி மடலுக்குள்ளேயே எழுதிவிடும் ஒரு முறையை வகுத்தார். அந்தக் கோவையின் முதல் வரியிலேயே கோப்பின் பெயர் இருக்கும். பெறுபவர் அதனை வெட்டியெடுத்து மீண்டும் கோப்பாக்கிக் கொள்வார். பின்னர், 1992-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், நதானியேல் போரன்ஸ்டைன் என்பவர் ஒரு மடலை அனுப்பினார். அதனுள் நான்கு பேர் கூடிப் பாடும் அவருடைய குழுவின் படமும் பாட்டும் இணைக்கப்பட்டிருந்தன. இன்று நாம் இணைப்பு என்று சொல்வதன் முதல் மடல் அதுவே. இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்டபோது, ஒரு நாள் தம் பேரப்பிள்ளைகளின் படங்களை மின்னஞ்சலில் பெற விரும்புவதாக அவர் விடை கூறினாராம். அவரும் நெட் ஃப்ரீட் என்பவரும் வகுத்த மைம் என்னும் நெறிமுறை அதே ஆண்டு ஜூனில் வெளியாயிற்று. பாலம் அகலமாகவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பேருந்தைப் பிரித்து, மாட்டு வண்டிகளில் ஏற்றி, அக்கரையில் மீண்டும் பூட்டும் வழியையே அவர்கள் கண்டனர். பொருளைப் பிரித்து ஏற்றும் முறை நன்கு அமைந்தது. பொருளின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டைப் பற்றி அப்போது பெரிதாக எவரும் கவலைப்படவில்லை.

பெயர்கள் அக்காலத்தில் குறுகியவை. டாஸ் என்னும் இயக்க மென்பொருளில் ஒரு கோப்பின் பெயர் எட்டு எழுத்து, பிறகு ஒரு புள்ளி, பிறகு மூன்றெழுத்துப் பின்னொட்டு, அவ்வளவே. அந்தப் பின்னொட்டுத்தான் இது மடலா, படமா, இயங்கும் நிரலா என்று பொறிக்குச் சொல்லும். 1995-இல் வெளியான விண்டோஸ் 95 நீண்ட பெயர்களுக்கு இடம் தந்தது. அத்தோடு ஒரு செயலையும் செய்தது. பயனருக்கு எளிமையாக இருக்கட்டும் என்று, தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளைத் திரையில் காட்டாமல் மறைத்தது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். அதன் விளைவைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

இதே ஆண்டில்தான், ஆகஸ்டு 15-ஆம் நாள், நம் நாட்டில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தமிழர்கள், குறிப்பாகக் கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள், அதற்கு முன்பே கணிப்பொறியில் தமிழை ஏற்றத் தொடங்கியிருந்தனர். கனடாவில் முனைவர் சீனிவாசன் 1984-இல் ஆதமி என்னும் தமிழ்ச் சொற்செயலியை அமைத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ஒரு தமிழ் மென்பொருளை உருவாக்கி, அதற்கு முரசு அஞ்சல் என்றே பெயரிட்டார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கியதோடு, 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும், ஒருவர்க்கொருவர் இணையத்தில் அனுப்பியும் உருவாக்கிய நூலகம் அது.

இந்த முன்னோடிகள் தமிழை எவ்வாறு எழுதினர் என்பதே நம் கதைக்கு முதன்மையானது. எழுத்துக்கு உரிய எண்ணை மாற்றாமல், அந்த எண்ணுக்குத் திரையில் தோன்றும் உருவத்தை மாற்றினர். பொறியின் கணக்கில் அது ஆங்கில எழுத்தாகவோ மேற்குறி இட்ட ஐரோப்பிய எழுத்தாகவோ இருக்கும். எழுத்துருவைப் போர்த்தினால் தமிழாகத் தோன்றும். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் அட்டவணை வைத்துக் கொண்டது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு வேண்டும். இந்தக் குழப்பத்தைப் போக்க 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் எழுத்துத் தரங்களும் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பெற்றன.

ஆவணத்துக்குள் இருக்கும் உரைக்கு எழுத்துருவைப் போர்த்தலாம். ஆவணத்தின் பெயருக்குப் போர்த்த இயலாது! கோப்பின் பெயரைக் காட்டுவது இயக்க மென்பொருள். அது தன் எழுத்துருவிலேயே காட்டும். ஆகவே நூல் முழுவதும் செந்தமிழாக இருப்பினும், அதன் மேல் ஒட்டும் பெயர் ஆங்கில எழுத்தாக அல்லது எண்ணாகவே இருக்க வேண்டியதாயிற்று. மதுரைத் திட்டத்தின் நூல்களைப் பாருங்கள். இரண்டு ஆங்கில எழுத்தும் வரிசை எண்ணுமே அவற்றின் கோப்புப் பெயராக நிற்கும். சங்க நூலுக்கும் சித்தர் பாடலுக்கும் வேறுபாடு எண்ணில்தான்.

இந்நிலையை மாற்றியது யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் இந்த அட்டவணையில் தமிழுக்கு 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம் கிடைத்தது. ஆயினும் அட்டவணையில் இடம் கிடைப்பது வேறு; மேசை மேல் உள்ள கணிப்பொறியில் அது இயங்குவது வேறு. 2000-ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 2000-இல்தான் லதா என்னும் எழுத்துருவோடு தமிழ் இடம்பெற்றது. அன்று முதல் ஒருவர் தம் கோப்புக்குத் தமிழிலேயே பெயரிட முடிந்தது. தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டு ஜூனில் யூனிகோட்டை ஏற்று ஆணையிட்டது. அரசாணைக்கு முன்பே பலர் அதற்கு மாறிவிட்டனர்.

2000-ஆம் ஆண்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். தமிழுக்குப் பெயரிடும் உரிமை கைக்கு வந்த அதே ஆண்டில், கோப்பின் பெயர் மீது உலகம் வைத்திருந்த நம்பிக்கை குலைந்தது.

அவ்வாண்டு மே 4-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரிலிருந்து ஒரு மடல் புறப்பட்டது. 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் அதன் தலைப்பு. அதனோடு சென்ற கோப்பின் பெயர் 'உனக்கு ஒரு காதல் கடிதம்' என்பதன் ஆங்கிலம். அதன் பின் டி.எக்ஸ்.டி. என்னும் பின்னொட்டு, அது வெறும் எழுத்துக் கோப்புக்கு உரியது, தீங்கற்றது. ஆனால் அதற்கும் பின்னால் வி.பி.எஸ். என்று இன்னொரு பின்னொட்டும் இருந்தது. அது இயங்கும் நிரலுக்கு உரியது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த கடைசிப் பின்னொட்டை மறைத்துவிடும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? ஆகவே பார்த்தவர் கண்ணுக்கு அது ஒரு கடிதமாகவே தோன்றியது. திறந்தவுடன் அது இயங்கி, படக் கோப்புகளை அழித்து, முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பிக் கொண்டது. அறிந்தவரிடமிருந்து வந்த மடலாதலால் அவர்களும் ஐயமின்றித் திறந்தனர். ஆசியாவில் பொழுது விடிந்தபோது தொடங்கி, கதிரவனோடு மேற்கே சென்று, ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் ஒரே நாளில் பரவியது. பிரிட்டனின் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே நிறுத்தி வைத்தது.

இதனை எழுதியவர் ஒனெல் டி குஸ்மான் என்னும் கணிப்பொறிக் கல்லூரி மாணவர். பிறருடைய இணையக் கடவுச் சொற்களைப் பெறும் வழியைப் பற்றி அவர் எழுத விரும்பிய ஆய்வேட்டைக் கல்லூரி ஏற்கவில்லை. பிலிப்பைன்ஸில் அன்று இக்குற்றத்திற்கு உரிய சட்டமே இல்லாமையால் வழக்குக் கைவிடப்பட்டது. சட்டம் அவ்வாண்டு ஜூனில்தான் வந்தது. தாமே எழுதியதாக அவர் ஒப்புக்கொண்ட நேர்காணல் 2020-இல் வெளியாயிற்று. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் 2000-ஆம் ஆண்டினதே. ஜூன் 9-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது.

மறு ஆண்டு பிப்ரவரியில், அன்னா கூர்னிகோவா என்னும் டென்னிஸ் ஆட்டக்காரரின் படம் என்று பெயரிட்ட ஒரு கோப்பு அதே தந்திரத்தோடு வந்தது. அதிலும் இரண்டு பின்னொட்டுகள். 2004-இல் பேகிள் என்னும் கிருமி, கடவுச் சொல் இட்டுப் பூட்டிய பொதிக்குள் ஒளிந்துகொண்டு, அக்கடவுச் சொல்லையும் மடலிலேயே எழுதி அனுப்பியது. வாயிற்காவலன் பெட்டியைத் திறந்து பார்க்க இயலாது. வீட்டுக்காரர் மட்டும் திறப்பார். எத்துணைச் சூழ்ச்சி! மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு ஜூனிலேயே, இயங்கும் கோப்புகளின் பின்னொட்டுகள் பலவற்றைப் பட்டியலிட்டு, அத்தகைய இணைப்புகளைத் தன் அவுட்லுக் மென்பொருளில் திறக்கவொட்டாமல் தடுத்தது. 2004-இல் தோன்றிய ஜிமெயிலும் அத்தகைய கோப்புகளைப் பொதிக்குள் இருந்தாலும் ஏற்பதில்லை. பொய்ப் பெயரோடு வந்தவர்களால், பெயரைச் சோதிப்பது ஒரு கடமையாயிற்று.

மற்றொரு பக்கம் குப்பை அஞ்சலின் வெள்ளமும் பெருகியது. அதன் மூதாதை 1978-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் கேரி துவர்க் என்பவர் தம் நிறுவனத்தின் கணிப்பொறிகளை விற்க ஏறத்தாழ 400 பேருக்கு ஒருங்கே அனுப்பிய விளம்பர மடல். ஸ்பேம் என்பது டின்னில் அடைத்த ஒரு வகை இறைச்சியின் பெயர். பிரிட்டிஷ் நகைச்சுவை நாடகம் ஒன்றில் அச்சொல்லை ஓயாமல் திரும்பத் திரும்பக் கூவியதால் வேண்டாத மடலுக்கு அப்பெயர் வந்தது. இதைத் தடுக்க எழுந்தவையே வடிகட்டிகள். 2001-இல் ஜஸ்டின் மேசன் தொடங்கிய ஸ்பேம் அசாசின் என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது ஒரு மடலை நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்து, ஒவ்வொரு குறைக்கும் ஒரு மதிப்பெண் இடும். கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் மடல் குப்பை. எங்கள் பள்ளிகளில் மதிப்பெண் கூடினால் தேர்ச்சி. இங்கே கூடினால் தோல்வி. 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பின்னர், 1763-இல் வெளியான தாமஸ் பேயிசின் நிகழ்தகவுத் தேற்றமும் இவ்வேலைக்கு வந்து சேர்ந்தது. நல்ல மடல்களையும் குப்பை மடல்களையும் பொறிக்குக் காட்டிப் பயிற்றி, எந்தச் சொல் எதில் மிகுதி என்று அதனையே கணிக்க விடுவது அம்முறை. கற்பிப்பவர் காட்டாத மொழியில் அந்த மாணாக்கன் தடுமாறுவான் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அம்மாணவியின் கோப்புக்குத் திரும்புவோம். 'ஐயப்பன்தாங்கல்' என்னும் பெயரில் நம் கண்ணுக்கு 9 எழுத்துகள். மெய்யின் புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணும் யூனிகோட்டின் கணக்கில் 14 குறிகள். யு.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆக 42 பைட்டுகள். ஏழு துகள் பாலத்தின் மேல் இவை நேரே செல்ல மாட்டா. ஆதலால் இரண்டு மாறுவேடங்களில் ஒன்றைப் புனைய வேண்டும். 1996-இல் வகுத்த விதிப்படி பேஸ்-64 என்னும் வேடத்தில், ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு ஆங்கிலக் குறிகளாக மாறும். நம் ஊரின் பெயர் 56 குறிகளாகும். 1997-இல் வகுத்த விதிப்படி சதவீதக் குறி வேடத்தில், ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக மாறும். நம் ஊர் 126 குறிகளாகும்.

முதல் வேடத்திற்கு ஒரு வரம்பு உண்டு. முன்னே 10 குறி, பின்னே 2 குறி என்னும் உறையோடு சேர்த்து ஒரு சொல் 75 குறிகளுக்கு மேற்படலாகாது. 56-உம் 12-உம் 68. ஊர்ப் பெயர் மட்டும் அடங்கிவிடும். ஆனால் கோப்பின் பெயர் அதனோடு முடிவதில்லை. புள்ளியும் பி.டி.எஃப். என்னும் மூன்றெழுத்தும் சேர வேண்டும். அப்போது 46 பைட்டுகள், மூன்றால் வகுபடாமையால் நிரப்பி, 64 குறிகள், உறையோடு 76. வரம்புக்கு ஒன்று மிகுதி! நானே தாளில் மும்முறை கணக்கிட்டுப் பார்த்தேன். ஆகவே பெயரை இரண்டாக வெட்டி எழுத வேண்டும். ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு இடையே வெட்டலாகாது என்று விதி கூறுகிறது. கவனமின்றி எழுதிய மென்பொருள்கள் அங்கேயே வெட்டிவிடும். அவ்வாறு வெட்டினால் இரு பக்கமும் எழுத்துச் சிதையும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. முதல் வேடத்தை மடலின் தலைப்புக்குத்தான் புனையலாம். இணைப்பின் பெயருக்குப் புனையலாகாது என்று அந்த 1996-ஆம் ஆண்டு விதியே தடுக்கிறது. இணைப்புக்கு உரியது இரண்டாம் வேடம். ஆனால் மென்பொருள் ஆக்கியோர் பலர் இத்தடையைப் பொருட்படுத்தவில்லை. சிலர் முதல் வேடத்தில் அனுப்புகின்றனர். சிலர் இரண்டாம் வேடத்தில் அனுப்புகின்றனர். பெறுவோரில் சிலருக்கு ஒன்று மட்டுமே புரியும். புரியாத மென்பொருள் என்ன செய்யும்? பெயரை விட்டுவிட்டு, தானே ஒரு பெயர் சூட்டும். ஏ.டி.டி. என்னும் மூன்றெழுத்தோடு வரிசை எண் இடுவது அவுட்லுக்கின் வழக்கம். பெயரற்றது என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுவது ஜிமெயிலின் வழக்கம். பெயர் போனால் போகட்டும் எனலாம். பெயரோடு பின்னொட்டும் போய்விடுகிறதே! அப்போது அது கட்டுரையா நிரலா என்று பொறிக்குத் தெரியாது. வாயிற்காவலன் பார்வையில், பெயரை மறைத்து வந்தவனும் பெயர் சிதைந்து வந்தவனும் ஒன்றே. ஸ்பேம் அசாசினில், உரையை பேஸ்-64 வேடத்தில் மறைத்து அனுப்புவதற்கென்றே தண்டம் விதிக்கும் விதி ஒன்று உண்டு. குப்பை அஞ்சல்காரர்கள் தம் சொற்களை மறைக்க அவ்வேடத்தைப் புனைந்ததால் வந்த விதி அது. தமிழ் மடல் அவ்வேடத்தைப் புனைவது வேறு வழியின்மையால் என்று அவ்விதிக்குத் தெரியாது.

பிற மொழியினரின் எழுத்து வசதிகளே பொய்யர்க்குக் கருவியானதும் உண்டு. அரபும் எபிரேயமும் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், எழுத்தின் திசையைத் திருப்ப யூனிகோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைத்திருக்கின்றனர். அதனைப் பெயரின் நடுவே செருகி, நிரலின் பின்னொட்டை ஆவணத்தின் பின்னொட்டாகத் திரையில் தோன்றச் செய்தனர் சிலர். அதன் பின்னர் அயல் எழுத்துகளைக் கண்டால் வடிகட்டிகளின் ஐயம் மிகுந்ததில் வியப்பில்லை.

நம் எழுத்திலும் கண்ணுக்கு ஒன்றாகவும் பொறிக்கு இரண்டாகவும் தோன்றும் இடங்கள் உள. 'கொடி' என்பதில் உள்ள கொகரத்தை, க-வோடு ஒரே குறியாலும் எழுதலாம்; கொம்பும் காலுமாக இரு குறியாலும் எழுதலாம். ஆப்பிள் கணிப்பொறிகளின் பழைய கோப்பு முறை இத்தகைய பெயர்களைப் பிரித்தே வைக்கும். விண்டோஸ் தட்டச்சிட்டவாறே வைக்கும். ஆகவே அங்கிருந்து இங்கு வந்த கோப்பைப் பெயரால் தேடினால் அகப்படாமல் போவதுண்டு. தமிழ் எண் ஒன்றும் ககரமும் உருவில் ஒத்தவை. பொறிக்கு அவை வெவ்வேறு. ஓலைச்சுவடி படிப்போர் இடம் நோக்கி எளிதில் பிரித்துணர்வர். பொறிக்கு அந்தப் பழக்கமில்லை.

தீர்வு அறவே இல்லை என்று எண்ண வேண்டா. 2012-ஆம் ஆண்டில் மின்னஞ்சலின் முகவரியிலும் தலைப்பு வரிகளிலும் யு.டி.எஃப்-8 எழுத்துகள் மாறுவேடமின்றிச் செல்லலாம் என்று புதிய நெறிமுறை வெளியாயிற்று. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே இணையக் களப்பெயர் உண்டு. ஆனால் பாலத்தை அகலமாக்கினால் மட்டும் போதாது. இரு கரையிலும் உள்ள சாலைகள் அகலமாக வேண்டும். அனுப்புபவர், இடையில் கடத்துபவர், பெறுபவர் ஆகிய மூவரின் பொறியும் புதிய முறையை அறிந்திருந்தால்தான் மடல் வேடமின்றிச் செல்லும். ஒருவர் அறியாவிட்டாலும் பழைய வேடம்தான்.

அம்மாணவிக்கு நான் கூறியவை சிலவே. விண்ணப்பமும் போட்டிக் கட்டுரையும் போல நாள் தவறினால் இழப்பாகும் மடல்களில், கோப்பின் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் குறுகியதாக வைக்க வேண்டும். புள்ளி ஒன்றே போதும். 'இறுதி', 'புதிது' என்று நடுவில் புள்ளிகளை வைத்தால் இரட்டைப் பின்னொட்டாகத் தோன்றும். மடலை வெறுமையாக விடாமல், யார், எதற்காக அனுப்புகிறோம் என்று நாலு வரி எழுத வேண்டும். கிடைத்ததா என்று மறுநாள் கேட்க வேண்டும். தமிழ்ப் பெயரைக் கட்டுரையின் முதற்பக்கத்தில் பெரிதாக எழுதிக் கொள்ளலாம்.

இவ்வறிவுரையை நான் மகிழ்ச்சியோடு சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் தமிழில் பெயர் எழுதப் பழக்கியவன், கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுது என்று ஒரு பெண்ணிடம் சொல்ல நேர்ந்தது. 1998-இல் மதுரைத் திட்டத்தார் வேறு வழியின்றி எண்ணிட்டனர். இத்துணை ஆண்டுகள் கழித்தும் அதே வழியைத்தான் நானும் காட்டினேன். நண்பர்களுக்கும் உறவினர்க்கும் அனுப்பும்போது தமிழ்ப் பெயரையே வைத்துக்கொள் என்றும் சொன்னேன். நல்ல மடல் குப்பையில் விழுந்தால் அதனை எடுத்து, குப்பையன்று என்று குறித்து அனுப்பும் வழி இருக்கிறது. பொறி அதிலிருந்தும் கற்கும். தமிழ்ப் பெயர்களை அது கண்டால்தானே கற்கும்?

அவள் கட்டுரையைப் படித்தேன். நீரைத் தேக்கித் தாங்கிப் பாசனத்திற்குத் தரும் சிறு நீர்நிலையே தாங்கல் என்றும், வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று தொண்டை நாட்டில் அச்சொல் ஊர்ப் பெயராய் நிற்பதையும் நன்கு விளக்கியிருந்தாள். வேறொரு போட்டிக்கு அதனை மீண்டும் அனுப்பலாம் என்று அமர்ந்தோம். நான் சொன்னவாறே ஆங்கில எழுத்தில் ஊரின் பெயரைத் தட்டச்சிடத் தொடங்கியவள் விரலை நிறுத்தினாள்.

"ஐயா, ஆங்கிலத்தில் சிலர் 'ஐ' என்று தொடங்குகிறார்கள், சிலர் 'ஏ' என்று தொடங்குகிறார்கள். நான் எதை எழுதுவது?"

தமிழிலும் 'ஐயப்பன்' என்பாரும் 'அய்யப்பன்' என்பாரும் உளரே என்று நினைத்துக் கொண்டேன். 'தாங்கல்' என்று மட்டும் எழுதச் சொன்னேன்.